முதுகில் ஒரு தாள்

ஆசிரியர் பயிற்சியில் மதியச் சோற்றுக்குப் பிறகு யாரும் தூங்கி வழியாமலிருக்க மரியபுஷ்பம் கண்டுபிடித்த விளையாட்டு அது. ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு வெள்ளைத் தாளை ஊக்கால் குத்திவிடுவாள். மற்றவர்கள் பின்னால் வந்து அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுத வேண்டும். நாற்பது ஆசிரியர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகி ஒருவரையொருவர் துரத்தினார்கள். பதினொரு வருடமாகப் பயிற்சி நடத்துகிற அவள் முதுகில் மட்டும் யாரும் தாள் குத்தியதில்லை. இன்று கழிப்பறைக்குள் போய், கையைப் பின்னால் வளைத்து, தானே ஒன்றைக் குத்திக்கொண்டு வந்திருந்தாள்.

நான்கு மணிக்கு எல்லோரும் தங்கள் தாள்களைப் படித்துச் சிரித்தபடி கிளம்பிப் போனார்கள். தன்னுடையதைக் கழற்றிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. நாற்காலிகளை அடுக்கிவிட்டு அப்படியே பேருந்தில் ஏறினாள்.

"ஏம்மா, முதுகுல என்னமோ பேப்பர் தொங்குது," என்றாள் பின்னிருக்கையில் இருந்தவள்.

"ஏதாவது எழுதியிருக்கா, அக்கா?" திரும்பாமலே கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு புள்ளி மட்டும் இருக்கு. எழுத வந்து விட்டுட்டாங்க போல."

கழற்றித் தரச்சொல்லி மடியில் விரித்தாள். மை மறுபக்கம்வரை ஊறியிருந்தது. பேனாவை ஊன்றியபடி யாரோ வெகுநேரம் யோசித்திருக்கிறார்கள்.