முள்ளோடு ஊருக்குள்

திருச்சுழிக்குச் சில மைல் முன்னால், மாலை வெயில் கரிசல் வெடிப்புகளுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. தேவிபட்டினம் கடல்வரை சைக்கிள் மிதித்துப்போய், நாலு நாள் கழித்து ஊர் திரும்பும் தோழிகள் நாகஜோதியும் ஆஃப்ரினும் சாலையோரம் குனிந்து நிற்கிறார்கள். ஆஃப்ரினின் பின்டயரில் சீமைக்கருவேல முள் ஆழமாக ஏறியிருக்கிறது. பிடுங்கப்போன அவள் கையை நாகஜோதி தட்டிவிடுகிறாள். "பிடுங்காதடி. அது இருக்குற வரைக்குந்தான் காத்து நிக்கும்." பருத்தி மூட்டை ஏற்றிய லோடு வண்டியொன்று பக்கத்தில் வந்து நிற்கிறது. "சைக்கிளத் தூக்கிப் போடுங்க தாயி, ஊருக்குள்ள இறக்கிவிடுறேன்" என்கிறார் ஓட்டுநர். நாகஜோதி முகத்துப் புழுதியை முந்தானையால் துடைக்கிறாள். "வேணாம்ணே. நாங்க கிளம்பையிலயே, லோடு வண்டியிலதான் திரும்பி வருவாளுகன்னு தெருவே சிரிச்சுச்சு." இருவரும் ஏறி மிதிக்கிறார்கள். சக்கரம் சுற்றும்போதெல்லாம் முள் தார்ச்சாலையில் டிக்கென்று தட்டுகிறது. ஓட்டுநர் முந்திப் போகாமல் பின்னாலேயே மெதுவாக ஓட்டிவருகிறார். தூரத்தில் ஊர்க் கோபுரம் தெரிகிறது. அவர்கள் தெருவுக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. ஆஃப்ரின் இப்போதே மணியடிக்கத் தொடங்கிவிட்டாள்.