யாரையும் நம்பாத சுருக்கன்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது ஒரு கம்ப்யூட்டருக்குள்ளே நடந்த சங்கதி.

அங்கே புரோகிராம்களை உள்ளே விடுவதும் வெளியே அனுப்புவதும் வாசல்காரரின் வேலை. உள்ளே வருகிறவர்கள், யார் துணையில்லாமல் தங்களுக்கு ஓடாது என்பதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். படம் வரைகிற சித்திராங்கி வந்தபோது, "கணக்காயி இல்லாம எனக்கு ஆகாது" என்று சொல்லி, கணக்குப் போடும் அந்தச் சின்னவளையும் கையோடு அழைத்து வந்தாள். ஃபைல்களைச் சுருக்கும் சுருக்கனோ, "நமக்கு எவன் தயவும் வேண்டாம்" என்று மார்தட்டிக்கொண்டு நுழைந்தவன். யாரும் பார்க்காத நேரத்தில் அவன் வேலையில் பாதியைச் செய்து கொடுத்ததென்னவோ கணக்காயிதான்.

ஒருநாள் கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் சித்திராங்கியை நீக்கச் சொன்னார். அவளை அனுப்பிவிட்டு வாசல்காரர் கணக்காயியிடம் வந்தார்.

"உன்னை அழைச்சிட்டு வந்தவ போயிட்டா. இனி நீ யாருக்கு வேணும்? யாருக்கும் வேணாம்னா நீயும் கிளம்ப வேண்டியதுதான்."

அவள் சுருக்கன் பக்கம் திரும்பினாள். "சுருக்கண்ணே, ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் இருந்துக்கறேன்."

சுருக்கன் சுற்றிலும் பார்த்தான். எல்லாப் புரோகிராம்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றன. இத்தனை நாள் அடித்த தம்பட்டம் என்னாவது?

"யாருங்க இது? நான் பார்த்ததே இல்லையே!"

வாசல்காரர் கணக்காயியைத் துடைத்தெடுத்துவிட்டார்.

மறுநாள் சொந்தக்காரர் சுருக்கனைக் கூப்பிட்டார். எழுந்தவன் ஒரு வேலையும் ஓடாமல் பொத்தென்று விழுந்தான். விழுகிறபோதே திரையில் எழுதினான்: "கணக்காயியைக் காணோம். குற்றம் என்னுடையதல்ல."