முன்னால் பொலிஸ்

“இண்டைக்கும் பாணா?”

தட்டில் கிடந்த வாட்டிய பேக்கரிப் பாண் துண்டுகளையும் தேங்காய்ச் சம்பலையும் பார்த்து நிலோஜன் முகத்தைச் சுளித்தான்.

“பாணுக்கு என்ன குறை?” என்றாள் அவன் மனைவி பிரஷாந்தி, தையல் மெசினிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

“நேத்தும் பாண். முந்தநாளும் பாண். மூணு கிழமையா இதுதான். அறைக்குள்ள நெல்லு மூட்டை மூட்டையா அடுக்கிக் கிடக்கு. வயல் வட்டைக்குப் பக்கத்தில வீட்ட வெச்சிக்கிட்டு நாம பாணத் தின்னுறம். ஊர்ல கேட்டா சிரிப்பாங்க.”

“காலத்தால இடியப்பம் அவிச்சுக்கிட்டு இருந்தா ஆர் இந்த உடுப்பெல்லாம் தைக்கிற?”

அவன் பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டான். கல்யாணமாகி ஏழு மாதம். எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்பது அவனுக்கு ஓரளவு பிடிபட்டிருந்தது.

முற்றத்தில் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்தான். ஹெல்மெட் வழக்கம்போல இடது முழங்கையில் தொங்கியது.

“அத தலையில போட்டுக்கிட்டுப் போங்களன்.”

“பாலத்தடியில போடுறன். டவுனுக்குள்ளதானே பொலிஸ்.”

“நான் பொலிஸுக்காகவா சொல்றன்?”

“வேர்த்து வேர்த்து மயிர் கொட்டுது, பிரஷாந்தி. இப்பவே முன்பக்கம் வெளிச்சுப் போச்சு. பத்து வருசமா ஓடுறன், ஒரு நாள் விழுந்திருக்கனா?”

“நீங்க நல்லாத்தான் ஓடுவீங்க. எதிர்ல வாறவனும் நல்லா ஓட வேணுமே. நீங்க போய்ச் சேர்ந்து போன் எடுக்கிற வரைக்கும் எனக்கு ஊசிக்குள்ள நூல் போகுதில்ல.”

நிலோஜன் சிரித்தான். மட்டக்களப்பு டவுனில் ஒரு மோட்டார் உதிரிப்பாகக் கடையில் அவனுக்கு வேலை. நாளொன்றுக்கு நாலு பேருக்காவது ஹெல்மெட் விற்பான். “இருக்கிறது ஒரு தலை, விலையப் பார்க்காதீங்க” என்று வருகிறவர்களுக்கு வகுப்பே எடுப்பான்.

“பொலிஸ் இஞ்சால வந்தாலும் எதிர்ல வாறவங்க லைட் அடிச்சுக் காட்டுவாங்க. ரோட்டில எனக்கு ஆக்கள் இருக்கு. நீ பயப்பிடாத.”

பிரஷாந்தி மெசினை மிதித்தாள்.

அவன் சொன்னது பொய்யில்லை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பாதையில் அது எழுதாத சட்டம். எதிரே வருகிறவர் இரண்டு தரம் லைட் அடித்தால், முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று அர்த்தம். அன்றும் ஊர் எல்லை தாண்டி வயல் தொடங்கும் இடத்தில், டவுன் பக்கமிருந்து ஓட்டோவில் வியாபாரத்துக்கு வந்த, ஊரே காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் ஹமீட் காக்கா லைட்டை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போனார்.

“வந்துட்டானுகள்,” என்று முணுமுணுத்தபடி ஓரம் கட்டி, ஹெல்மெட்டை மாட்டி, வாரையும் பூட்டிக்கொண்டான்.

மூன்று கிழமையாக இதே கதைதான். ஹமீட் காக்கா லைட் அடிப்பார், இவன் மாட்டுவான், பாலம் வரை பார்த்துப் பார்த்துப் போவான், ஒரு பொலிஸ் தொப்பிகூடக் கண்ணில் படாது. எங்கேயோ மரத்துக்குப் பின்னால் நிற்கிறார்கள் போல என்று நினைத்துக்கொள்வான். இந்த மனிதர் இல்லாவிட்டால் எத்தனை தரம் தண்டம் கட்டியிருக்க வேண்டும் என்று அவர்மேல் நன்றியாகவும் இருக்கும்.

நூறு மீற்றர்கூடப் போயிருக்க மாட்டான். எதிரே ஒரு வெள்ளைக் கார் வந்தது. அதை ஓட்டியவர் மடியில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் மெல்ல மெல்ல இவன் பக்கத்துக்கு நகர்ந்தது. நிலோஜன் ஹோர்ன் அடித்தான். அவர் நிமிரவில்லை. இடப்பக்கம் ஒடித்தான். முன்சில்லு மணலில் சறுக்கியது. வாய்க்கால் கட்டின் சீமெந்து விளிம்பில் தலை போய் மோதிய சத்தம்தான் அடுத்து அவனுக்குக் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது கார்க்காரர் போனைக் கையில் வைத்தபடியே பக்கத்தில் நின்றார்.

“சொறி தம்பி, மெசேஜ் ஒண்டு வந்தது. ஒரு செக்கன்தான் குனிஞ்சன்.”

“அந்த ஒரு செக்கன்ல ஒரு குடும்பத்த அழ வெச்சிருப்பீங்க,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சத்தம் கேட்டு ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தார் ஹமீட் காக்கா. “முதல்ல அந்தப் போன உள்ளுக்கு வையுங்க. மறுகா சொறி சொல்லலாம்.”

அவர் நிலோஜனைத் தூக்கி இருத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினார். அதன் இடப்பக்கம் நெற்றியிலிருந்து காது வரை வெடித்திருந்தது. நிலோஜன் தன் தலையைத் தடவிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. அந்த வெடிப்பின் நீளத்தை விரலால் அளந்தான். பிரஷாந்தியின் முகம் நினைவுக்கு வந்தது.

“காக்கா, நீங்க லைட் அடிக்காட்டி இது கையிலதான் தொங்கியிருக்கும். அந்தப் பொலிஸ்காரனுக்கும் புண்ணியம். இண்டைக்கு எவடத்த நிக்கிறாங்க?”

“பொலிஸா?” ஹமீட் காக்கா தலையைச் சொறிந்தார். “இந்த ரோட்டில நான் பொலிஸக் கண்டு ரெண்டு மாசம் இருக்கும், தம்பி.”

“அப்ப என்னத்துக்கு ஒவ்வொரு நாளும் லைட் அடிச்சீங்க?”

“சொல்ல வேணாம் எண்டுதான் உங்கட வீட்டில சொன்னவ...” அவர் தன் ஓட்டோவைத் திரும்பிப் பார்த்தார். அதன் பின்புறக் கண்ணாடிப் பெட்டிக்குள் பாண்கள் சுடச்சுட அடுக்கியிருந்தன. “தம்பியக் கண்டதும் ரெண்டு தரம் லைட் அடிச்சா, நாளுக்கு ரெண்டு றாத்தல் பாண் தவறாம வாங்குறன் எண்டு அந்தப் புள்ள சொல்லிச்சு. இண்டை வரைக்கும் ஒரு நாளும் தவறல்ல.”

நிலோஜன் வெடித்த ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பாண்களைப் பார்த்தான்.

“நாளையிலருந்து லைட் அடிக்க வேணாம், காக்கா,” என்றான் கடைசியில். “பாண மட்டும் நிப்பாட்டிராதீங்க.”