சகலையின் மேஸ்திரி

“உங்க சகலை இன்னிக்குப் புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போறாராம். தங்கச்சி சொன்னா. நீங்க ஏன் இந்த வெளுத்துப் போனதையே மாட்டியிருக்கீங்க?”

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மூத்த சகலைக்கு மனைவி கேட்டது காதில் விழவில்லை. நேராக வயிற்றில் போய் விழுந்தது. அங்கே ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த நெருப்பில் ஒரு தெருவுக்கே சமையல் முடித்திருக்கலாம்.

“பதவி வரப்போகுதுன்னு அவருக்கு நினைப்பு” என்றார்.

“நினைப்பா? அப்பா ஊர் முழுக்கச் சொல்லியாச்சு.”

அக்கா புருஷன், தங்கை புருஷன் இருவருக்கும் ஒரே ஆபீஸ். பிரிவுக்குத் தலைவர் யார் என்று இன்று சொல்லப்போகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு பஸ் கம்பெனிக்காரர்கள் வந்து புது டிக்கெட் மென்பொருளைப் பார்ப்பார்கள். அது அவர்களுக்குப் பிடித்துவிட்டால் நாற்காலி இளையவருக்கு. சொதப்பிவிட்டால் மூத்தவருக்கு.

இளையவரை அந்த ஆபீஸில் சேர்த்துவிட்டதே மூத்தவர்தான். சிபாரிசு எழுதிய அந்தக் கையை இன்றைக்கும் அவ்வப்போது முறைத்துப் பார்த்துக்கொள்வார்.

அப்போதெல்லாம் டிக்கெட் மென்பொருள் முழுசாக ஒரே கம்ப்யூட்டரில் குடியிருந்தது. அது படுத்துக்கொண்டால் மூத்தவர் ஓடிப்போய்த் தட்டி எழுப்புவார். ஆபீஸே கும்பிடாத குறையாக நன்றி சொல்லும். இளையவர் வந்து அதைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கன்டெய்னர் பெட்டிக்குள் அடைத்தார். பெட்டிகளை மேய்க்க ஒரு மேஸ்திரி மென்பொருளை மேலே உட்கார வைத்தார். ஒரு பெட்டி செத்தால் மேஸ்திரி அதே மாதிரி இன்னொன்றை நிறுத்திவிடுமாம். விளம்பரத்தில் எல்லாப் பற்பசையும்தான் முத்துப் பல் தருகிறது என்று நினைத்துக்கொண்டார் மூத்தவர்.

அதுகூடப் போகட்டும். மாமனார் வீட்டில் வைஃபை நின்றால் இப்போது இளையவருக்குத்தான் போன் போகிறது. போன மாதம் மூத்தவரின் சொந்த மனைவியே தன் போனைச் சரிபார்க்க இளையவரிடம் கொடுத்துவிட்டு, “நீங்க பிஸியா இருப்பீங்கன்னுதான்” என்று சமாளித்தாள். அப்போது மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் கண்ணாடி அறையில் பஸ் கம்பெனி விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். உள்ளே பேசுவது வெளியே கேட்காது, முகங்கள் மட்டும் தெரியும். புதுச் சட்டை ஏதோ சொல்லிச் சிரித்தது.

எதிரே தன் இடத்தில் இருந்த மூத்தவர் சும்மா ஒரு விரலால் கீபோர்டைத் தட்டிப் பார்த்தார். அவருடைய பழைய அனுமதியை யாரும் எடுக்கவே இல்லை. மொத்த அமைப்பும் வாயைப் பிளந்து திறந்துகொண்டது. இவ்வளவு பெரிய கெட்டிக்காரன் இதைக் கோட்டை விட்டுவிட்டானே என்று அவருக்கு உடம்பெல்லாம் இனித்தது.

டிக்கெட் போடும் பெட்டியை ஒரே தட்டில் கொன்றார். விரலை எடுப்பதற்குள் அதே இடத்தில் புதுசு முளைத்திருந்தது. மறுபடி கொன்றார், மறுபடி முளைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, சீட்டுகளைக் காட்டும் பெட்டிகளைக் கும்பலாகத் தீர்த்துக்கட்டினார். கும்பலாகவே எழுந்து வந்தன. ஆத்திரம் தாங்காமல் ஒரு கம்ப்யூட்டரையே அணைத்தார். அதிலிருந்த பெட்டிகள் பக்கத்துக் கம்ப்யூட்டர்களில் வாடகை பேசிக் குடியேறிவிட்டன.

ஆனாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காரியம் நடந்துகொண்டுதான் இருந்தது. வழுக்கைத் தலை விருந்தாளி எழுந்து நின்று தலையில் அடித்துக்கொண்டார். கூட வந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரையில் மூக்கு இடிக்கிற தூரத்துக்குப் போய்விட்டாள். மேனேஜர் முகத்தைத் துடைத்துத் துடைத்து, கைக்குட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிறையும் போலிருந்தது. புதுச் சட்டையின் முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்ததும் மூத்தவருக்கு வயிற்று நெருப்பில் யாரோ ஐஸ் கட்டியை வைத்த மாதிரி இருந்தது. இன்னொரு கும்பலையும் கொன்றார், வெறும் சந்தோஷத்துக்காக.

கதவு திறந்தது. மேனேஜர் விரலை மடக்கிக் கூப்பிட்டார்.

“கொஞ்சம் உள்ளே வாங்க.”

மூத்தவர் எழுந்து நடந்தார். யார் எதைக் கொன்றார்கள் என்பதை மேஸ்திரி எழுதி வைத்துக்கொள்ளும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேலை போனதை மனைவியிடம் எப்படிச் சொல்வது, மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது, இளையவரிடமே சிபாரிசுக்குப் போய் நிற்க வேண்டுமா என்று ஒரு ஆயுசுக்கான கவலையை அந்த நாலடியில் பட்டு முடித்தார்.

உள்ளே நுழைந்ததும் விருந்தாளிகள் எல்லோரும் எழுந்தார்கள். அடிக்கத்தான் வருகிறார்கள் என்று மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். கைதட்டல் கேட்டது.

“இவர்தாங்க” என்றார் மேனேஜர்.

வழுக்கைத் தலைக்காரர் மூத்தவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. “நீங்களே செட்டப் பண்ணி உடைச்சுக் காட்டினா நம்ப மாட்டோம், நிஜமாவே கவுக்கணும்னு நினைக்கிற ஆள் வேணும்னு சொல்லியிருந்தோம். என்ன ஒரு வெறி சார் உங்களுக்கு! அப்படியும் ஒரு டிக்கெட்கூடத் தவறல.”

மேனேஜர் மூத்தவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். தலைவர் பதவி இளையவருக்கு என்றார். மூத்தவருக்கும் அவருக்குக் கீழேயே ஒரு புதுப் பதவி, இளையவர் கட்டுவதைத் தினமும் உடைத்துப் பார்ப்பது. “உங்க பழைய அனுமதியை எடுத்துடலாம்னு போன வாரமே சொன்னேன். உங்க சகலைதான் கூடவே கூடாதுன்னுட்டார்.”

இளையவர் வந்து அவர் தோளில் பாசமாகக் கையைப் போட்டுக்கொண்டார்.

“வெளியாளை வெச்சா சம்பளத்துக்கு உடைப்பாங்க சகலை. மனசார உடைக்க உங்களை விட்டா எனக்கு வேற யாரு இருக்காங்க?”