நாலு துளி கஸ்தூரி

பாரிஸ் வாசனைத் திரவியப் பள்ளிக்கு ஆள் தேர்ந்தெடுக்க வந்திருந்த மதாம் ரூவியே கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

எலோடியின் கை கோட்டுப் பைக்குள் போனதுதான், வெளியே வருவேனா என்றது.

பைக்குள் இரண்டு குப்பிகள். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது, மற்றது வெறுங்கழுத்து. எதைக் கொடுப்பது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. ஒருவருக்கு ஒரு வாசனைதான். அது பிடித்துப்போனால் மூன்று வருடம் பாரிசில் படிப்பு. பிடிக்காவிட்டால் பழையபடி இதே கிராஸ் ஊர், மல்லிகைத் தோட்டம், படுத்த படுக்கையாக அப்பா.

இரண்டு குப்பியிலும் அதே ஆரஞ்சுப் பூ, அதே அத்தி இலை, அதே மிளகு. கஸ்தூரியில்தான் வித்தியாசம். நூல் கட்டியதில் நாலு துளி, கட்டாததில் ஒன்று.

எந்தக் குப்பி நன்றாக இருக்கிறது என்று முகர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் வினை. எலோடிக்குக் கஸ்தூரி மணக்காது.

ஜலதோஷம் இல்லை, நோய் இல்லை. பிறவியிலேயே அந்த ஒரு மணத்துக்கு மட்டும் அவள் மூக்கு கதவைச் சாத்திக்கொள்ளும். இந்தத் தொழிலில் அப்படிப் பலர் உண்டு. யாரும் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரு வருடமாகச் சமையலறை மேசையில் கலந்து கலந்து தானாகக் கற்றுக்கொண்டவள் அவள். கிராம்பை அள்ளி விட்ட அன்று, உள்ளறையிலிருந்து அப்பா, பல் டாக்டர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். கஸ்தூரியை முதன்முதலில் ஊற்றியபோது ஒன்றுமே வரவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றினாள். வீடே சலவைக்கடை மாதிரி மணந்தது, அவளுக்குத்தான் தெரியவில்லை. அக்கா சபீன் ஜனவரிக் குளிரில் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கினாள்.

"ஊர்ல பூக்குற அத்தனையையும் மோப்பம் பிடிக்கிற, இது மட்டும் தெரியாதாடி உனக்கு?"

அன்றிலிருந்து கஸ்தூரிக்கு மட்டும் அக்காவின் மூக்குதான்.

போன வாரம் ஒரு துளி விட்ட கலவையைக் காகிதக் கீற்றில் தோய்த்து அக்காவிடம் நீட்டினாள். சபீன் வெகுநேரம் முகர்ந்தாள். பிறகு, "பத்தாது, நாலு போடு" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

அந்தக் கண்தான் எலோடியைத் தூங்கவிடாமல் செய்தது. தங்கை பாரிசுக்குப் போனால் அப்பாவும் தோட்டமும் சபீன் ஒருத்தியின் தலையில். கஸ்தூரி கூடினால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும் என்று அக்காவுக்குத் தெரியாதா? நாலு துளி என்றால் நாலு மடங்கு. சீச்சீ, அக்காவா அப்படி? இருந்தாலும் ஏன் முகத்தைத் திருப்பினாள்?

"என்னம்மா, குப்பி இருக்கா இல்லையா?" என்றார் மதாம் ரூவியே.

எலோடியின் விரல் நூலைத் தடவியது. தடவி, தள்ளிவிட்டது. வெறுங்கழுத்துக் குப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

மதாம் கீற்றைத் தோய்த்து, இரண்டு முறை வீசி, மூக்கருகே கொண்டுபோனார். புருவம் உயர்ந்தது.

"அட! அத்தி இலையா? ரொம்ப அழகு."

அடிமணம் காய்ந்த பிறகுதான் தெரியும் என்று கீற்றைக் காயவைத்தார். காய்ந்ததும் அவர் எடுத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"அடியில ஒண்ணுமே இல்லையேம்மா. கஸ்தூரிய ஏன் இப்படிப் பயந்து பயந்து விட்டீங்க? இன்னும் ஒரு மூணு துளி விட்டிருந்தா இன்னைக்கே பெட்டி கட்டச் சொல்லியிருப்பேன்."

எலோடி அவசரமாகப் பைக்குள் கையை விட்டாள். "மதாம், இன்னொண்ணு இருக்கு, இத..."

"ஒருத்தருக்கு ஒண்ணுதாம்மா." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அதிகம் வலித்தது.

சபீன் தெருவின் எதிர்ப்புறம் வண்டியருகே நின்றிருந்தாள். விடியலில் மல்லிகை பறித்த உடுப்போடு வந்திருந்தாள். தேர்வு நாளில் அந்த மணத்தோடு யாரையும் வாசலுக்குள் விடமாட்டார்கள், அதனால் அவளாகவே தள்ளி நின்றுகொண்டாள்.

தங்கையின் முகத்தைப் பார்த்ததும் தெருவைக் கடந்து வந்தாள். மேசையிலிருந்து எலோடி எடுத்து வந்து கசக்கியிருந்த கீற்றை வாங்கி முகர்ந்தாள்.

எலோடி தரையைப் பார்த்தாள். அக்காவின் மூக்கிடம் பொய் செல்லாது.

"ஒண்ணுதான் விட்டிருக்க" என்றாள் சபீன்.

"அக்கா, நான்..."

"உன்னைப் போகவிடக் கூடாதுன்னா, அன்னைக்கே 'இது போதும்'னு சொல்லியிருக்க மாட்டேனாடி?"

சபீன் கீற்றை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

மலைப்பாதையில் இறங்கும்போது எலோடி சிவப்பு நூலை அவிழ்த்து, அந்தக் குப்பியைத் திறந்து முகர்ந்தாள். ஆரஞ்சுப் பூ வந்தது, அத்தி இலை வந்தது, மிளகு வந்தது.

அதற்கு அடியில் எவ்வளவு தேடியும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.