எச்சில் இலை லோடு

நல்லதம்பி டெம்போவின் மேல் நின்று இலைகளை மிதித்துக்கொண்டிருந்தான். முகத்தில் துண்டு. கண் மட்டும் வெளியே.

கல்யாண மண்டபத்தின் பின்பக்கம். மூன்றாம் பந்தி எழுந்துவிட்டது. எச்சில் இலைகள் கூடை கூடையாக வந்து விழுந்தன. முழங்கால் வரை சாம்பாரும் பாயசமும்.

அப்போதுதான் கை கழுவுகிற குழாயடியில் அந்தச் செருமல் கேட்டது.

வையாபுரி அண்ணன்!

உள்ளூர்க்காரன் எவனும் வராத மண்டபமாகப் பார்த்துத்தான் லோடு பிடிப்பான். முப்பது கிலோமீட்டர் தள்ளி வந்தும் இந்த மனுஷன் எதிரே நிற்கிறார். இங்கேயும் அவருக்குச் சொந்தம் இருக்கும் என்று யார் கண்டது?

துண்டை இன்னும் இறுக்கினான்.

இரண்டு பேர் வயலுக்கும் நடுவே ஒரு வரப்புதான். இரண்டுமே களர். கோடையில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி உப்புப் பூத்துக் கிடக்கும். அவன் மட்டும் நாலு வருஷமாக இந்த இலைகளைச் சாணியோடு குழியில் மக்க வைத்து, உழவுக்கு முன்னால் யாரும் பார்க்காமல் இறைத்துவிடுகிறான். மண் கறுத்தது. ஏக்கருக்கு முப்பது மூட்டை கண்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வையாபுரி வரப்பில் நின்று கேட்டார்.

"என்னடா போட்ட?"

சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய் வரவில்லை. ஊரார் எச்சிலில் விளைந்த நெல் என்று தெரிந்தால் யார் தொடுவார்கள்? சம்பந்தி வீட்டில் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"வெதைய மாத்துனேண்ணே."

பொய் மெய்யாகத் தெரியட்டும் என்று ஒரு மூட்டை விதைநெல்லையும் தூக்கிக் கொடுத்தான், பாவி. அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நட்ட இருபதாம் நாள் பயிர் நுனி கருகியது.

அடுத்த வருஷமும் அவனிடமே வந்து விதை வாங்கினார். அதுவும் கருகியது.

குழாயடியில் வையாபுரி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"புதன்கெழம வயல எழுதிக் குடுத்துடறேன். செங்கச் சூளைக்காரன் மண்ணெடுக்கக் கேக்குறான். நம்ம நல்லதம்பி பாவம், ரெண்டு வருசம் சொந்த வெதையக் குடுத்துப் பாத்தான். அவனச் சொல்லிக் குத்தமில்ல. என் மண்ணுக்கு யோகம் அவ்வளவுதான்."

மேலே நின்ற நல்லதம்பி நாளை எண்ணிப் பார்த்தான்.

புதனுக்கு இன்னும் இரண்டு நாள். சூளைக்காரன் இறங்கினால் இரண்டாள் ஆழத்துக்குப் பள்ளம்தான். பிறகு அங்கே எதைக் கொட்டி என்ன?

வாயைத் திற, திற என்று மனசு அடித்துக்கொண்டது. கால்கள் இலையை மிதித்துக்கொண்டே இருந்தன.

வையாபுரி நிமிர்ந்து டெம்போவைப் பார்த்தார்.

"ஏப்பா தம்பி, நீ சாப்டியா? பந்தியில ஒரு எல போடச் சொல்லவா?"

கூலிக்கு வந்த ஆள் என்று நினைத்துவிட்டார்.

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. முடிச்சை அவிழ்த்துத் துண்டை எடுத்தான்.

"அண்ணே... வெத இல்லண்ணே. இதுதான்."

வையாபுரி அவன் முகத்தைப் பார்த்தார். இலைகளைப் பார்த்தார். கழுவிய கையைத் துடைக்கவும் மறந்து அப்படியே நின்றார்.

அடிப்பார் என்று இறங்கி அவர் முன்னால் போய் நின்றான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

அவர் அவனைச் சுற்றிக்கொண்டு போனார். முன்கதவைத் திறந்து, பட்டுக்கரை வேட்டியோடு டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"எடு வண்டிய. இந்த லோடு என் வயலுக்கு."

எடுத்தான்.

மூன்று தடவை "அண்ணே" என்று கூப்பிட்டுப் பார்த்தான். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி தூரம் வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏக்கருக்கு எத்தன லோடு?"

"எட்டுண்ணே."

அவ்வளவுதான். அப்புறம் ஊர் வரும்வரை அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.