நீலப் பெயிண்ட்

“ஹலோ, உங்க மாடு ஒண்ணு பெட்ரோல் பங்க்ல நிக்குதுங்க. வயித்துல இந்த நம்பர் எழுதியிருக்கு.”

கணவனின் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, பெஞ்சில் சாய்ந்திருந்தவனை அவள் உலுக்கினாள். “என்னங்க, நம்ம கறுப்பி கிடைச்சிடுச்சு!”

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புயலுக்குப் பயந்து ஊரே அடைந்து கிடந்த பள்ளிக்கூடம் அது. பண்ணையில் கொட்டகையின் கூரை பறந்துவிட்டதென்றும், தண்ணீர் ஆளுயரம் நிற்கிறதென்றும் காலையிலேயே சேதி வந்துவிட்டது. மாடுகள் போயிருந்தால் அவர்கள் பிழைப்பும் அதோடு போச்சு.

மாட்டின் மேல் நம்பரை எழுதி அவிழ்த்துவிட்டால் நீந்திப்போய் எங்காவது கரையேறும், பார்த்தவர்கள் கூப்பிடுவார்கள் என்பது அவள் யோசனை. நேற்று அவள் நீலப் பெயிண்டும் பிரஷ்ஷுமாகக் கொட்டகையில் நின்றபோது அவன் அடித்த கிண்டல் கொஞ்சமா? “வழி தவறினா மாடே போன் பண்ணுமா?”

இப்போது அவனே போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்தடுத்து போன் வந்தது. செவலை ஒரு லாரி ஷெட்டில். வெள்ளையும் அதன் கன்றும் மேட்டுத் தெருவில். மதியத்துக்குள் ஒன்றைத் தவிர எல்லாம் கிடைத்துவிட்டன.

“உங்க தம்பிக்கும் ஒரு வார்த்தை சொல்லிடலாமே?” என்றாள்.

“அவன் பேச்சை எடுக்காத! எல்லாத்தையும் வித்துட்டு டவுனுக்குப் போகலாம்னான். முடியாதுன்னதும் ‘மாட்டையே கட்டிக்கிட்டு அழு’ன்னு பைக்கை முறுக்கிக்கிட்டுப் போனவன்தானே? இந்நேரம் எவன் ரூம்லயாவது கால் மேல கால் போட்டுத் தூங்குவான்.”

அவளுக்கும் தெரியும், கொழுந்தனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் பசு கன்று போடும்போது அதன் பக்கத்தை விட்டு நகராதவனும் அவன்தான்.

கணவன் திடீரென்று சிரித்தான். “அதெல்லாம் சரி, புதுக் கயிறை ஏண்டி வெட்டின? எல்லா மாட்டுக் கழுத்துலயும் கத்தியால அறுத்த கயிறு தொங்குதாமே. அவுத்து விட்டிருக்கலாம்ல?”

“நானா? நான் எங்க வெட்டினேன்? பெயிண்ட் அடிச்சு முடிச்சதுமே, நம்மளை இங்க ஏத்திட்டு வந்த வண்டிக்காரன் ஹாரன் மேல ஹாரன் அடிச்சான், பெயிண்டை அங்கேயே போட்டுட்டு ஓடி வந்துட்டேன். நீங்கதானே கடைசியா ஏறினீங்க? அவுத்தது நீங்கதானே?”

“கிளம்பறப்ப நான் கொட்டகைப் பக்கமே வரலையே! நீ அங்கதான இருந்த, நீ அவுத்திருப்பேன்னு…”

இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. மாடுகளைக் கட்டிப்போட்டபடியே வெள்ளத்துக்கு விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்!

“அப்ப கயிறை அறுத்தது யாருங்க?”

அவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. புது நம்பர். அவள் கையிலிருந்து பிடுங்கினான். “சொல்லுங்க! நீலப் பெயிண்ட்ல நம்பர் எழுதியிருக்கா? அதுவும் எங்க மாடுதாங்க!”

எதிர்முனையில் இருந்த பெண் தயங்கினாள்.

“நீலப் பெயிண்ட்தாங்க. ஆனா நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். வெள்ளத்துல மரத்துல சிக்கிக் கிடந்தவர்னு ஒருத்தரைக் கொண்டுவந்திருக்காங்க. உயிர் இருக்கு, நினைவு இல்ல. அவர் கையில இந்த நம்பர் எழுதியிருக்கு… அதுக்குக் கீழ ‘அண்ணன்’னு எழுதியிருக்குங்க.”